இரு கோடுகளும் ஒரு ரப்பரும்

எந்த நடிகரின் ரசிகரும் எதிர் நடிகரின் ரசிகரோடுதான் சண்டை போடுவார். கே. பாலசந்தரின் ரசிகர்களுக்கு வெளியே எதிரி தேடும் சிரமம் கிடையாது. அவர்களுக்கு அவர்களே போதும். "இயக்குநர் சிகரம்" என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. எந்தப் படத்தால் சிகரம் என்று கேட்டுவிட்டால், பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்கூட ஜென்ம விரோதிகள் ஆகிவிடுவார்கள்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. 1965இல் 'நீர்க்குமிழி' எடுத்தவர், 2006இல் 'பொய்' எடுத்தார். பகலில் ஏஜி ஆபீஸ் உத்தியோகம், சாயங்காலம் நாடகம் என்று ஆரம்பித்து, நாற்பது வருஷம் ஓயாமல் படமெடுத்தால் ஒரு குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பாலசந்தர் கிடைத்துவிடுகிறார். பாட்டிக்கு நாகேஷை அழ வைத்த பாலசந்தர். அம்மாவுக்கு சுஜாதாவை வேலைக்கு அனுப்பிய பாலசந்தர். பிள்ளைகளுக்கு கமலை அருவியிலிருந்து குதிக்க வைத்த பாலசந்தர். சண்டைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

எங்கள் குடும்பத்தில் அந்தச் சண்டை முழு வீச்சில் நடந்தது திருக்கடையூரில், ஒரு அறுபதாம் கல்யாணத்தன்று. அபிஷேகம், மாலை மாற்றல், சாப்பாடு எல்லாம் முடிந்துவிட்டது. வேன் கிளம்ப நேரமிருந்தது. மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலை டப்பாவை நடுவில் வைத்து, ஆளுக்கொரு தூணில் சாய்ந்தோம். அந்த நேரத்தில் எங்கோ ஒரு செல்போன் சிந்து பைரவி பாட்டில் மணியடித்தது.

"இதுதாண்டா கேபி படத்திலேயே முதல் இடம்" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான்.

"யார் சொன்னது?" என்று எழுந்து உட்கார்ந்தார் பெரியப்பா. அவர் திருவாரூர்க்காரர். பாலசந்தர் பிறந்த நன்னிலம் பக்கத்து ஊர் என்பதால், தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நம்புகிறவர். "எதிர்நீச்சல் பார்க்காதவனுக்கு கேபியைப் பத்திப் பேச வாயே கிடையாது. மாடிப்படிக்குக் கீழ படுத்துக்கிட்டுப் படிக்கிறானே மாது, அவன் ஒருத்தன் போதும். கடைசி வரைக்கும் இருமல் தாத்தாவைக் காட்டவே மாட்டார் பாரு, இருமலை மட்டும் கேட்க வைப்பார். அதுக்குப் பேர்தான் டைரக்ஷன்."

"அது டிராமாங்க. மேடையில போட்டதைக் கேமராவை வெச்சு எடுத்தார்" என்றார் டெல்லி மாமா. அவர் கட்சி 'வறுமையின் நிறம் சிவப்பு'. கரோல் பாக்கில் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில் பார்த்தாராம். வேலை கிடைக்காத பட்டதாரியின் பசியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இன்றைக்கும் தழுதழுக்கும். மாமா வாழ்நாளில் ஒரு நாளும் வேலையில்லாமல் இருந்தவர் இல்லை. காலேஜ் முடித்த கையோடு மத்திய அரசு உத்தியோகம். வீட்டுக்கு வந்தவர் முன்னால் சாப்பாடு இருப்பதுபோல் நண்பர்கள் நடிக்கும் காட்சியை அன்றைக்கு அவர் விவரித்தது, மூன்றாவது டம்ளர் பாயசத்தோடு.

அடுத்து சித்தி வாயைத் திறந்தார். "அவள் ஒரு தொடர்கதை" என்று சொன்னதோடு சரி, மேற்கொண்டு விளக்கம் எதுவும் தரவில்லை. மண்டபமே அமைதியானது. 1974இல் அந்தப் படம் வந்தபோது சித்தி பேங்கில் சேர்ந்திருந்தார். சித்தியின் சம்பளத்தில் படித்தவர்கள், கல்யாணம் செய்துகொண்டவர்கள், தொழில் ஆரம்பித்து நஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் அந்த ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அந்தப் படத்தில் குறை கண்டுபிடிக்கும் துணிச்சல் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இன்றுவரை வந்ததில்லை. குறிப்பாக ஜெய்கணேஷ் வேஷத்துக்குப் பொருத்தமாக எங்களில் இருந்த ஒருவர், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதில் ஆழ்ந்துவிட்டார்.

அமைதியைக் கலைத்தது விளாத்திகுளத்து அத்தான். 'தண்ணீர் தண்ணீர்' கட்சி. கோமல் சுவாமிநாதனின் நாடகம், அத்திப்பட்டிக் கிராமம், சரிதாவின் குடம், வாய்க்கால் வெட்டப்போன ஊரை அரசாங்கம் தடுத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் எழுந்து போய், கை கழுவும் இடத்தில் யாரோ மூடாமல் விட்டிருந்த குழாயை இறுக மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆகா, கேபி டச்!" என்றது கூட்டம். அத்தானுக்கு அது பாராட்டா கேலியா என்று புரியவில்லை. பாலசந்தர் ரசிகர்கள் கூடியிருக்கும் இடத்தில் இது ஒரு பெரிய ஆபத்து. கதவு தானாகச் சாத்திக்கொண்டால் டச். காபி டம்ளர் கவிழ்ந்தால் டச். மின்விசிறி நின்றால் அது கதாநாயகியின் மனநிலை. மனிதர் படத்தில் குறியீடு வைத்தாலும் வைத்தார், இவர்களுக்கு உலகத்தில் எந்தப் பொருளும் சும்மா இருப்பதாகத் தோன்றுவதில்லை.

சாஃப்ட்வேர் தம்பி 'அவர்கள்' படத்தை முன்மொழிந்தான். கமல், ரஜினி, சுஜாதா, கூடவே ஜூனியர் என்கிற பொம்மை. 1977இலேயே அப்படிப் படமெடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று கேட்டான். பொம்மையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கு வேறு ஆட்சேபம். "எல்லாம் சரிடா. கடைசியில மருமகளும் மாமியாரும் ஒண்ணா ரயிலேறிப் போறாங்களே, அது நடக்கிற காரியமா?" அத்தையின் மருமகள் எதிர்த் தூணில் சாய்ந்திருந்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளும் பாலசந்தர் ரசிகைதான்.

அத்தையின் சொந்தக் கட்சி 'அபூர்வ ராகங்கள்'. 1975இல் ரஜினிகாந்த் கேட்டைத் திறந்துகொண்டு தமிழ் சினிமாவுக்குள் வந்த படம். அத்தைக்கு ரஜினியும் முக்கியமில்லை, கேட்டும் முக்கியமில்லை. உறவுமுறைதான் முக்கியம். கமல் ஸ்ரீவித்யாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, கமலின் அப்பா மேஜர் சுந்தர்ராஜன் ஸ்ரீவித்யாவின் மகள் ஜெயசுதாவைப் பண்ணிக்கொண்டால், அப்பா பிள்ளைக்கு மாப்பிள்ளை ஆகிறார், மகள் அம்மாவுக்கு மாமியார் ஆகிறாள். "அப்ப ஆடிச் சீரை யார் யாருக்குச் செய்யறது?" என்று அத்தை கேட்டார். கேள்வி நியாயமானது. ஐந்து பெரியவர்கள் விரல் விட்டு எண்ணி, வெற்றிலைகளை ஆட்களாக அடுக்கி வைத்துப் பார்த்தும் சீர் யார் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்று முடிவாகவில்லை.

இதற்கு நடுவில் சின்ன மாமா என் காதோரம் குனிந்தார். "என்னைக் கேட்டா..." என்று ஆரம்பித்து, சின்ன மாமி இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, "மன்மத லீலை" என்றார். வெளியில் கேட்காத குரல். இப்படிக் காதோரம் மட்டுமே ஓட்டு வாங்கும் படங்களைச் சேர்த்துக்கொள்ளாமல் எந்தப் பட்டியலும் பூர்த்தியாகாது. சத்தமாகக் கேட்டபோது அதே சின்ன மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உன்னால் முடியும் தம்பி" என்றார்.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கே வந்து நின்ற வேன் டிரைவரும் தன் ஓட்டைப் போட்டார். "சார், பாலசந்தர் படத்துல அண்ணாமலை மாதிரி வராது சார்."

அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள் ஒரே அணியாகத் திரும்பினார்கள். "தம்பி, அது சுரேஷ் கிருஷ்ணா டைரக்ட் பண்ணது!" டிரைவர் அசரவில்லை. "பேர் போடும்போது கவிதாலயான்னு வந்துச்சே." கவிதாலயா என்பது கம்பெனி, பாலசந்தர் தயாரிப்பாளர், 'ரோஜா'வும் அந்தக் கம்பெனி படம்தான், அதை எடுத்தவர் மணிரத்னம் என்று ஆளாளுக்கு வகுப்பெடுத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட டிரைவர், "காசு போட்டவர்தானே சார் முதலாளி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். அன்றைய தினத்தில் தன் கட்சியிலிருந்து அணுவளவும் அசையாதவர் அவர் ஒருவர்தான்.

நான் இத்தனை நேரமும் கவனித்துக்கொண்டிருந்தது வேறொன்றை. 1969இல் வந்த 'இரு கோடுகள்' படத்தின் தத்துவம் இவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கோட்டைத் தொடாமலே சின்னதாக்க வேண்டும் என்றால், பக்கத்தில் அதைவிடப் பெரிய கோடு ஒன்றைப் போடு. சௌகார் ஜானகி கலெக்டராக வந்து நிற்க, அதே ஆபீஸில் ஜெமினி கணேசன் குமாஸ்தாவாகத் தவிக்க, பாலசந்தர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறார். ரசிகர்களில் ஒருவராவது கேட்டாரா? பெரிய கோடு போடும் வேலையே கிடையாது. எடுத்த எடுப்பில் ரப்பர்.

இந்த ரப்பரில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், "அது டிராமா". நாடகத்திலிருந்து வந்த எல்லாப் படத்தையும் இதால் அழித்துவிடலாம். 'தண்ணீர் தண்ணீர்' நாடகமாக இருந்ததுதானே என்று கேட்டால், "அது வேற" என்பார்கள். இரண்டாவது ரகம், "முடிவு சரியில்லை". இது எந்தப் பாலசந்தர் படத்தின் மேலும் உராயும், ஏனென்றால் ரசிகர் நினைத்த முடிவை அவர் கொடுத்ததே இல்லை. 'புன்னகை மன்னன்' ஜோடி கல்யாணம் பண்ணிக்கொண்டு நன்றாக இருக்கும் என்று நம்பியவர்களை வெடிகுண்டு வைத்து அனுப்பினார். 'சிந்து பைரவி'யில் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுச் சிந்து போய்விட்டாள். பெரியம்மா அந்த வருத்தத்தைப் பிற்பாடு டிவியில் 'சஹானா' தொடர் வரும்வரை மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்.

மூன்றாவதுதான் கொடிய ரகம்: "அது கேபி படமே இல்லை." இந்த ரப்பரால் அன்றைக்கு அடிவாங்கியது நான். என் ஓட்டு 'தில்லு முல்லு'.

"அது இந்தி 'கோல்மால்'. ரீமேக்" என்றார் டெல்லி மாமா. "வசனம் விசு" என்றார் பெரியப்பா. "அதில் குறியீடு எதுவும் இல்லையே" என்றான் தம்பி. மீசை இல்லாத ஆளை நம்பாத முதலாளி, ஒட்டு மீசையை நம்பி ஒருவனை வேலையில் வைத்துக்கொண்டிருக்கிறார், இதைவிட என்ன குறியீடு வேண்டும் என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. பெண்ணின் துயரம் இல்லை, புரட்சி இல்லை, அருவி இல்லை, படம் முடிந்து வெளியே வரும்போது நெஞ்சு கனக்கவில்லை. ஆகவே பாலசந்தர் கணக்கில் சேராது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அந்தத் தீர்மானத்தின் ஆயுள் மிகக் குறைவு. ஏழாவது படிக்கும் எங்கள் வீட்டுச் சிறுமி, போனிலிருந்து தலையைத் தூக்கி, "சரி தாத்தா, நான் ஒண்ணும் பார்த்ததில்ல. எதை முதல்ல பார்க்கட்டும்?" என்று பெரியப்பாவைக் கேட்டாள். 'எதிர்நீச்சல்' என்று சொல்வார் என்று காத்திருந்தோம். பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "தில்லு முல்லு பாரும்மா. தேங்காய் சீனிவாசன் இண்டர்வியூ பண்ணுவான் பாரு..." என்று ஆரம்பித்தவருக்கு, சொல்வதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது. "அதை விடுங்க, ஃபுட்பால் மேட்ச்தான்" என்றார் டெல்லி மாமா. "சௌகார் அம்மாவா வந்து மாட்டிக்கிறது" என்றார் சித்தி. நெஞ்சு கனக்கும் படங்களுக்காக ஒரு மணி நேரம் போராடியவர்கள், எந்தச் சிரிப்பு முதல் சிரிப்பு என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தார்கள். ரீமேக் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆக, எந்த ரசிகரிடமும் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று, நாலு பேர் முன்னால் சொல்வதற்கு. அதில் இடம்பெறும் படம் பெருமையானது, தேசிய விருது வாங்கியிருக்கும், சொல்கிறவருக்கும் கொஞ்சம் கௌரவம் சேர்க்கும். வீட்டில் யாராவது அந்தப் படத்தைப் போட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம், இன்னைக்கு மனசு சரியில்ல" என்பார். இரண்டாவது பட்டியல் டிவி ரிமோட்டிடம் இருக்கிறது. எந்தக் காட்சியில் மாட்டிக்கொண்டாலும் சேனல் மாற்றாமல், அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போகாமல் கடைசிவரை பார்க்கிற படம் அதில் இருக்கும். முதல் பட்டியலைப் பெரியவர்களுக்குச் சொல்வோம். குழந்தைகள் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வோம், ஏனென்றால் குழந்தைகள் உடனே பார்த்துவிடுவார்கள்.

என் தீர்ப்பு இதுதான். பாலசந்தர் எடுத்ததில் உயர்ந்த படம் 'தண்ணீர் தண்ணீர்'. யார் கேட்டாலும் சபையில் இதைத்தான் சொல்வேன், அத்தான் பக்கத்தில் இருந்தால் கட்டாயம் சொல்வேன். சிறந்த படம் 'தில்லு முல்லு'. உங்கள் கட்சி வேறாக இருந்தால் தாராளமாகக் கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: என் படத்தைத் தொடாமல், உங்கள் படத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். முதல் பாராவைத் தாண்டிவிட்டால் நீங்கள் அசல் பாலசந்தர் ரசிகர் இல்லை.