கைத்தொலைபேசி விளம்பரங்களில் மறைந்துறையும் பெரிய கமெரா: மருதமுனைச் சாறனை அளவுகோலாகக் கொண்ட ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் தேவை

மருதமுனையில் கைத்தறிக்கு அடுத்தபடியாக ஓயாமல் இயங்குவது கைத்தொலைபேசிக் கமெரா. இருந்தும், கல்முனைச் சலூன்களில் தம் முறை வரும்வரை மக்கள் புரட்டும் சஞ்சிகைகளின் கமெரா விளம்பரங்களை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை.

2. வகைப்பாடு

இவ்விளம்பரங்கள் இருவகைப்படும். போன் விளம்பரத்தில் படம் பக்கத்தை நிறைக்கும். போன் மூலையில் ஒதுங்கி நிற்கும். தொழில்முறைக் கமெரா விளம்பரத்தில் கறுப்புப் பின்னணியில் கமெராவே பக்கத்தை நிறைக்கும். படம் இருந்தால் உண்டு. முன்னது ‘நீங்கள் ஏற்கெனவே கலைஞர்’ என்கிறது. பின்னது ‘கலைஞரானால் மட்டும் கிட்ட வாருங்கள்’ என்கிறது.

3. எண்களின் இயல்பு

2020இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ரா 108 மெகாபிக்சல் என்று முழங்கியது. அதே ஆண்டு வந்த கெனன் இஓஎஸ்-1டி எக்ஸ் மார்க் 3, விலை பன்மடங்கு கூடியிருந்தும், 20.1 என்று அடக்கமாகச் சொன்னது. போனின் சென்சர் பரப்போ கெனனுடையதில் பன்னிரண்டில் ஒரு பங்களவே. ஆதலால் அந்தப் போன் ஒன்பது பிக்சல்களை ஒன்றாக்கி, வழக்கமாக 12 மெகாபிக்சல் படத்தையே கையில் தந்தது. விளம்பரத்தில் 108, வீட்டில் 12. சீர்வரிசைப் பேச்சில் பழகிய நம்மூருக்கு இது புதிதன்று.

4. மறைந்துறைதல்

2012இல் நோக்கியா லூமியா 920 விளம்பரக் காணொளியில் சைக்கிளில் போகும் பெண்ணைப் போனே படம்பிடித்ததாகத் தோன்றியது. வழியிலிருந்த கண்ணாடியில் ஒரு வேன் தெரிந்தது. வேனுக்குள் பெரிய கமெராவுடன் ஓர் ஆள் தெரிந்தார். நோக்கியா மன்னிப்புக் கேட்டது. 2016இல் ஹுவாவி, பி9 போனைப் புகழ்ந்து ஒரு படம் வெளியிட்டது. படத்தோடு ஒட்டியிருந்த தகவல் ‘கெனன் இஓஎஸ் 5டி மார்க் 3’ என்று காட்டிக்கொடுத்தது. ஹுவாவியும் மன்னிப்புக் கேட்டது. இவற்றால் பெறப்படும் கோட்பாடு: பெரிய கமெராவுக்கு அமைந்த சிறந்த விளம்பரம் போன் விளம்பரமே.

5. சாறன் சோதனை

பெரிய கமெராவையும் சோதிக்காமல் விட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகும். நுண்ணிய கட்டம்போட்ட மருதமுனைச் சாறனைப் படமெடுத்தால், நூல் வரிசையும் சென்சரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, எந்த நெசவாளரும் நெய்யாத வளைகோடுகள் துணியில் தோன்றும். மொய்ரே எனப்படும் இதைத் தணிக்கவே கமெராவுக்குள் ஒரு வடிகட்டி வைப்பார்கள். 2012இல் நிக்கோன், டி800 கமெராவோடு, அவ்வடிகட்டியின் வேலையை இல்லாமற் செய்த டி800ஈ கமெராவையும் விற்றது. கூர்மை கூடும், மொய்ரேயும் வரலாம் என்று தானே எச்சரித்தது. விலை சுமார் 300 டொலர் அதிகம். இல்லாமைக்கு மேலதிகப் பணம் வாங்கும் துணிவு இதுவரை எந்தப் போன் விளம்பரத்துக்கும் வாய்க்கவில்லை.

6. பரிந்துரை

2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்துச் சாம்சங் போனால் எடுத்தார். மூலப்படத்தில் இல்லாத பள்ளங்களெல்லாம் போன் படத்தில் துலங்கின. நிலவை அடையாளங்கண்டு செயற்கை நுண்ணறிவு நுணுக்கங்களைத் தெளிவாக்குகிறது என்று நிறுவனம் விளக்கியது. ஆகவே நோன்புப் பெருநாளுக்குத் தலைப்பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போவோர் போனைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வது உத்தமம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழு ‘யார் கண்டது?’ என்று கேட்கையில் ‘சாம்சங் கண்டது’ என்றால், மறுநாளும் நோன்புதான்.