தீவுத் திட்டக்காரர்

பயணம் செய்தவர்களைப் பற்றி எழுதியோர் பலர். பயணத்தைத் திட்டமிடுவதையே தம் பயணமாகக் கொண்டவர்களைப் பற்றி எழுத முன்வந்தோர் குறைவு என்பதால், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் காணப்படும் 'தீவுத் திட்டக்காரர்' என்னும் வகையினரை இங்கே சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது. தீவுத் திட்டக்காரர் எனப்படுபவர், கடற்கரை, இயற்கை, சாப்பாடு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்த கரீபியத் தீவு ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்வருவதென்று முடிவெடுத்து, எந்தத் தீவு, எந்த மாதம், எந்த வழி என்பனவற்றைத் தீர்மானிக்கும் பணியில் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்திருப்பவர். தொழிலால் அவர் தென்னந்தோப்புக்காரராகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, உரக்கடை நடத்துபவராகவோ இருப்பார். போகாத ஊருக்கு வழி சொல்பவரோடு இவரைச் சேர்த்துவிடக் கூடாது. அவர் சொல்லும் வழி தப்பாக இருக்கும், இவர் சொல்லும் வழி மிகச் சரியாக இருக்கும். போகாதது மட்டுமே இருவருக்கும் பொது.

இத்தகையவர் இந்த மண்ணில் விளைவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களில் கடல் தொடாதவை சிலவே. அவற்றுள் பாலக்காடும் இடுக்கியும் அடக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே அரபிக்கடலின் காற்று மட்டும் தவறாமல் கொழிஞ்சாம்பாறைவரை வந்து வேட்டியைப் பறக்கடித்துப் போகிறது. அதே கடலின் மழை வருகிற வழியிலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடுவதால், கேரளம் என்றதும் பிறர் கற்பனை செய்கிற ஈரம் இங்கே கிடையாது. சித்தூர்ப் புழையின் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைச் சேர்ந்துவிடுகிறது, கரையில் இருக்கும் மனிதர்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறார். போதாததற்கு, கொழிஞ்சாம்பாறையை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் ஒரு காலத்தில் கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தும் அவ்வரசின் ஏனைய பகுதியோடு ஒட்டாமல், பிரிட்டிஷாரின் மலபார் குறுக்கிட, தனியே கிடந்த துண்டு நிலம்; 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தமிழ் பேசும் மக்களோடு கேரளத்தில் அமைந்தது. கடலே இல்லாமல் இருமுறை தீவாக வாழ்ந்துவிட்ட ஊரில் ஒருவருக்குத் தீவின் மேல் நாட்டம் வருவதை வரலாற்று நோக்கில் இயல்பென்றே கொள்ள வேண்டும்.

நாட்டம் நெடுநாளையது என்றாலும், அது ஒரு குறிப்பிட்ட தீவின் மேல் போய் விழுந்த நாளைத் துல்லியமாகச் சொல்லலாம். 2024 ஜூன் 29 அன்று பார்படோசின் பிரிட்ஜ்டவுனில், கென்சிங்டன் ஓவல் மைதானத்தில், இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன்களில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையைப் பெற்றது. இங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் அங்கே பட்டப்பகலாக இருப்பதைத் தொலைக்காட்சியில் கண்ட பலர் கோப்பையைப் பார்க்க, திட்டக்காரர் வெயிலைப் பார்த்தார். மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கப்பட்டது. பார்படோசின் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர், அதாவது பாலக்காடு மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்பதும், அந்நாட்டு டாலர் இரண்டு கொடுத்தால் அமெரிக்க டாலர் ஒன்று என்ற விகிதம் 1975 முதல் மாறவில்லை என்பதும், நேர வேறுபாடு ஒன்பதரை மணி என்பதும் முதல் பக்கத்தில் ஏறின. மேற்குக் கரை கரீபியக் கடலை நோக்கி அமைதியாக இருப்பது, கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலைகள் மோதுவதால் நீந்துவதற்கு ஏற்றதாக இல்லாதது ஆகியவை இரண்டாம் பக்கம். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் சுற்றுலாவுக்குப் பார்படோஸ் செல்ல முன்கூட்டி விசா பெற வேண்டியதில்லை என்ற செய்தி சிவப்பு மையில் எழுதப்பட்டு, அதன் கீழ் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டன. தீவு கதவைத் திறந்து வைத்திருந்தாலும், அதை அடைவதற்கு லண்டனிலோ அமெரிக்க நகரம் ஒன்றிலோ விமானம் மாறும்போது அந்த நாட்டின் விசா கேட்கப்படலாம் என்பது பின்னர் தெரியவந்து, பென்சிலால், சிறிய எழுத்தில் சேர்க்கப்பட்டது.

மாதத்தைத் தேர்வதில்தான் எல்லையோர வாழ்வின் சிக்கல் முழுதாக வெளிப்படுகிறது. கரீபியப் பகுதியில் புயற்பருவம் என்று குறிக்கப்படுவது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கேரளப் பள்ளிகளின் ஓண விடுமுறை அதற்குள் அடங்கிவிடும். திட்டக்காரரின் மூத்த மகன் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் கேரளப் பாடத்திட்டம் படிக்க, இளைய மகள் பொள்ளாச்சியில் படிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், ஓணத்துக்கு இவனுக்கு விடுமுறை, காலாண்டுத் தேர்வு முடிந்தபின் அவளுக்கு விடுமுறை. இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பது மே மாதமும் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களும்தான். கிறிஸ்துமஸ் நாட்களில் அங்கே விடுதிக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். மே மாதத்திலோ வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், வார இறுதிகளில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வண்டிகள் எல்லை தாண்டி இவ்வட்டாரத்துக் கள்ளுக்கடைகளை நாடி வருகின்றன. பனையும் தென்னையும் காற்றும் கண்டு, மீன்கறி தின்று, பானம் அருந்திச் செல்லும் அவர்களுக்குக் கொழிஞ்சாம்பாறையே தீவு. திட்டக்காரர் அவர்களைச் சற்று இரக்கத்துடன் பார்க்கிறார்.

இனி, குடும்ப அவை. அவை என்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையிலோ கூடத்திலோ தானாகவே கூடிவிடுவது; அதற்குத் தலைவர் என்று யாரும் இல்லை, தள்ளுபடி செய்யும் அதிகாரம் மட்டும் எல்லாருக்கும் உண்டு. இயற்கை என்ற தலைப்பு அங்கே நீண்ட நேரம் நிற்கவில்லை. ஜமைக்காவின் நீலமலைச் சிகரம் 2,256 மீட்டர் என்று திட்டக்காரர் படித்துக் காட்ட, இடுக்கியிலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர் என்று மகன் பாடப்புத்தகத்தைத் திறந்தான். அந்த நீலமலையின் காப்பி உலகப் புகழ் பெற்றது என்றதற்கு, நெல்லியாம்பதிக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் பொடி கொண்டுவருவது நினைவூட்டப்பட்டது. மாம்பழம் பற்றிப் பேசவே வழியில்லை, முதலமடைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மாம்பழத்துக்காக விமானம் ஏறுகிறவரை இந்த வட்டாரம் மன்னிக்காது.

சாப்பாட்டுக்கு வந்தபோது விவாதம் சூடுபிடித்தது. பார்படோசின் தேசிய உணவு கூ-கூ என்பதாகும். மக்காச்சோள மாவை வெண்டைக்காயோடு சேர்த்துக் கட்டியில்லாமல் கிண்டி, குழம்பில் வேகவைத்த பறவை மீனோடு பரிமாறுவார்கள் என்று திட்டக்காரர் விளக்கினார். மேற்கிந்தியத் தீவுகள் பலவற்றில் விரும்பி உண்ணப்படும் கல்லலூ என்பது சேம்பிலை போன்ற கீரைகளைக் கடைந்து செய்வது; அங்கே எங்கும் காய்க்கும் சீமைப்பலா 1793இல் பிளை என்ற கப்பல் தலைவரால் தகித்தித் தீவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது; டிரினிடாட்டில் தெருவோரம் விற்கும் டபுள்ஸ் என்பது பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே வைத்த கொண்டைக்கடலைக் கறி. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டிருந்த பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: "களியும் சேம்பந்தழையும் சுண்டலும் திங்கறதுக்கா கண்ணு ஏரோப்பிளேன்ல போகோணும்?" அவை கலைந்தது. பார்படோஸ் அன்றிரவே நோட்டில் அடிக்கப்பட்டது.

ஆயினும் இந்த வகையினரின் தனிச்சிறப்பு தோல்வியிலிருந்து புதிய தீவு ஒன்றைக் கண்டெடுப்பதில் இருக்கிறது. பாட்டியின் கேள்வியிலேயே ஒரு வழி தென்பட, அடுத்த சில வாரங்களில் குவாதலூப் மேசைக்கு வந்தது. பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டமான இத்தீவுக்கு, அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறிப்பிட்ட ஆண்டுகள் உழைப்பதாகக் கையொப்பமிட்டுக் கப்பலேறியவர்களாக, 1854 முதல் இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரேலி என்ற கப்பல் முதலில் வந்தது. 1880களின் முடிவுக்குள் சுமார் 42,000 பேர் போய்ச் சேர்ந்தனர். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களில் பெருந்தொகையினர். அவர்களின் சந்ததியினர் மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்டாலும் மாரியம்மனை இழக்கவில்லை, ஆட்டுக்கிடாய் பலியோடு பூசை நடக்கிறது. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்த்து இடித்த பொடியில் ஆட்டுக்கறியையோ கோழியையோ வேகவைக்கும் கொலொம்போ அத்தீவு முழுவதற்கும் உரிய சமையலாகிவிட்டது. அந்தக் கப்பல்களில் ஏறியவர்கள் யாரும் நோட்டுப் போட்டுத் திட்டமிட்டவர்கள் அல்லர் என்பதைத் திட்டக்காரர் படிக்கும்போது சற்று நேரம் மௌனமாக இருந்தார் என்று தெரிகிறது.

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில்களில் உயிர்ப்பலியைக் கேரளம் 1968லேயே சட்டத்தால் தடுத்துவிட்ட நிலையில், கடல் கடந்த ஊர் ஒன்றில் கிடாய் வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள் என்ற செய்தி அவரை அசைத்துவிட்டது. "மாரியாத்தா அங்கிருக்கறான்னா நானும் வாரேன்" என்று அவர் அறிவித்ததும் அவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மருமகள் மட்டும், அங்கே போயும் குழம்பு தானே வைக்க வேண்டியிருக்குமா என்று கேட்டுத் தெளிவுபெற்றுக்கொண்டார். இனித் தடையாக நின்றவை இரண்டு. குவாதலூப் பிரான்சுக்கு உரியதாயினும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாகச் செல்லும் ஷெங்கன் விசாவின் எல்லைக்குள் வராதது என்பதால் தனி அனுமதி பெற வேண்டும். மற்றொன்று தேங்காய் விலை. எல்லையோரத் தென்னந்தோப்புக்காரருக்கு உலக வரைபடம் நிலையாக இருப்பதில்லை. தேங்காய் விலை ஏறும் மாதத்தில் குவாதலூப் பக்கத்தில் வந்து நிற்கிறது, வெள்ளை ஈ தாக்கிக் காய்ப்புக் குறையும் மாதத்தில் அட்லாண்டிக்கின் மறுகரைக்கே போய்விடுகிறது.

திட்டம் இவ்வாறு கனிந்துகொண்டிருக்க, குடும்பம் சும்மா இருந்துவிடவில்லை. வேன் பிடித்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு குருவாயூர் போய், அங்கிருந்து சாவக்காட்டுக் கடற்கரைக்கும் போய்வந்தது. திட்டக்காரர் இதைப் பயணம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனெனில் இதற்குத் திட்டமே போடவில்லை.

ஆனால் ஊரில் அவர் மதிப்பு வளர்ந்துவிட்டது. மாலத்தீவுக்குத் தேனிலவு போகும் கோயம்புத்தூர் உறவினர்கள் அவரிடம் வந்து ஆலோசனை கேட்கிறார்கள். வேலந்தாவளத்திலிருந்து ஒருவர் அந்தமானுக்கு எந்த மாதம் நல்லது என்று கேட்டு ஆள் அனுப்பினார். இந்நிலையில் லண்டனில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தவர், தாம் பார்படோசுக்கே ஒரு வாரம் போய்வந்ததாக டீக்கடையில் சொல்லிவிட்டார். செய்தி எட்டிய கால் மணி நேரத்தில் திட்டக்காரர் நோட்டோடு வந்து சேர்ந்தார். தங்கியது மேற்குக் கரையா, கிழக்குக் கரையா என்று கேட்டார். கரீபியக் கடலில் குளித்தீர்களா, அட்லாண்டிக்கிலா என்றும் கேட்டார். வந்தவர் விழித்துவிட்டு, "தீவுன்னா எல்லாப் பக்கமும் கடல்தானுங்களே அண்ணா" என்றார். கூ-கூ சாப்பிட்டீர்களா என்றதற்கு, விடுதியில் பர்கர் நன்றாக இருந்ததாகச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைப்பேசியில் அவர் காட்டிய படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இப்படிப் படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்ல, அவர் பார்படோசுக்குப் போகவே இல்லை என்று அன்று மாலைக்குள் கொழிஞ்சாம்பாறை முடிவுசெய்துவிட்டது.