சாத்தானை யாரு சார் படைச்சா?

சண்டே ஸ்கூல் வாத்தியார் ஆக எங்கள் சபையில் இரண்டே தகுதி: ஞாயிறு காலையில் சீக்கிரம் எழுந்திருக்கணும், கேட்டவுடன் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவனாக இருக்கணும். இறையியல் வேணும்னு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே காய்ச்சல் வந்திருக்கும்.

ஆதியாகமம் முதல் அதிகாரம்தானே என்று தெம்பாக ஆரம்பித்தேன். முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள் சூரியன் என்று போர்டில் எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சூரியனுக்கு முன்னாடியே வெளிச்சமா? பிள்ளைகள் வாசிப்பதற்குள் டஸ்டரை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் வேறு பக்கமிருந்து வந்தான். "சாத்தானை யாரு சார் படைச்சா?"

"அவன் மொதல்ல நல்ல தேவதூதன்தான்லே. பெருமை பிடிச்சு விழுந்துட்டான்."

"நல்லவனுக்குப் பெருமை எங்கிருந்து சார் வந்துச்சு?"

கடைசி ஜெபத்தைச் சொல்லி கிளாஸை முடித்தேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து பைபிளைப் புரட்டினால் வயிறு கலங்கியது. விழுந்த தூதனின் கதை என்று நான் நம்பியிருந்த ஏசாயா 14, பாபிலோன் ராஜாவைப் பார்த்துப் பாடும் பாட்டு. ஏதேனில் பேசிய சர்ப்பம் சாத்தான் என்று ஆதியாகமம் சொல்லவே இல்லை. அதற்கு வெளிப்படுத்தல் 12 வரைக்கும் போகணும். போதாக்குறைக்கு ஏசாயா 45-ல், ஒளியோடு இருளையும் சமாதானத்தோடு தீங்கையும் உண்டாக்குகிறவர் தாமே என்கிறார் ஆண்டவர். ஏவாளின் பழம் ஆப்பிள் என்றும் எங்கேயும் இல்லை. நான் சார்ட்டில் சிவப்பாக வரைந்து, ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தேன்.

ஆபத்துக்கு அகஸ்டின் கிடைத்தார். கி.பி. 354-ல், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். பதினாறு வயதில் பசியே இல்லாமல் பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்குப் போட்டுவிட்டு, ஏன் செய்தேன் என்று பிற்பாடு பக்கம் பக்கமாகப் புலம்பியவர். ஒளியும் இருளும் சண்டை போடும் இரண்டு சக்திகள் என்ற மணிகேயர்களோடு ஒன்பது வருஷம் போல இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். கடைசியில் அவர் கண்டது: தீமை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, நன்மை குறைவதுதான் தீமை. பொருளே இல்லை என்றால் யார் படைத்தார் என்ற கேள்வியும் இல்லை! விசில் அடிக்காத குறை.

அடுத்த ஞாயிறு ஜன்னலையெல்லாம் சாத்தி டியூப்லைட்டை அணைத்தேன். "பாத்தீங்களா, இருட்டுன்னு ஒரு சாமான் கிடையாது. வெளிச்சம் இல்லாததுதான். அதே மாதிரி தீமைன்னா நன்மைக் குறைவு..." என்று தொடங்கினேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு அலறல்.

"சார், நன்மைக் குறைவு என்னைக் கிள்ளிட்டு சார்!"

லைட்டைப் போட்டுப் பார்த்தால் கை சிவந்திருந்தது. குறைவு நன்றாகவே நகம் வளர்த்திருந்தது. அகஸ்டினிடம் இதற்கும் பதில் இருக்கும். அந்தப் பக்கம் நான் இன்னும் வரவில்லை.

ஐயரிடம் போனேன். (திருநெல்வேலிப் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்.) அவர் சிரித்துவிட்டு, "யோபு வாசிங்க தம்பி" என்றார். பதில் கிடைக்கும் என்று 42 அதிகாரத்தையும் வாசித்தேன். 38-ல் ஆண்டவர் பெருங்காற்றிலிருந்து பேச வருகிறார், வந்ததும் அவர்தான் கேள்வி கேட்கிறார். பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது எங்கே இருந்தாய் என்று. யோபுவுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு அவனிடம் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

என்னைக் குத்தியது யோபுவின் மூன்று சிநேகிதர்கள்தான். வந்த புதிதில் ஏழு நாள் யோபுவோடு தரையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல்தான். மூன்று பேருக்கும் என் ஜாடை தெரிந்தது.

எங்கள் ஜூனியர் கிளாஸுக்கு இன்னொரு வாத்தியார் தேவை. சம்பளம் கிடையாது, டீயும் பன்னும் உண்டு. பதில் தெரிந்தவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். அந்த இடத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.