விடுதலையோடு சேர்த்துக் கொடுத்த கடன்

கென்யாவின் மாவ் மாவ் எழுச்சியை, அதாவது நிலத்தைப் பறிகொடுத்த கிக்கூயு மக்கள் 1950களில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியை, ஒடுக்கத் திறக்கப்பட்ட தடுப்பு முகாம்களில் வதைபட்டவர்கள், தள்ளாத வயதில் லண்டன் நீதிமன்றப் படியேறியபோது, பிரிட்டன் அரசு முன்வைத்த வாதம், 1963இல் விடுதலை அளித்தபோதே அந்த வதைக்கான பொறுப்பும் கென்ய அரசின் கைக்கு மாறிவிட்டது என்பதாகும். அடிபட்ட வீட்டாரே அடிக்கான கணக்கையும் தீர்க்க வேண்டும் என்னும் இந்த அரிய சட்டநுட்பத்தை 2011இல் நீதிபதி ஏற்கவில்லை.

அடுத்து வந்தது காலவரம்பு, அதாவது குறித்த ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்காதவர் அவ்வுரிமையை இழப்பர் என்னும் விதி. இத்தனை காலம் கழித்து நேர்மையான விசாரணை நடக்குமா என்று கவலைப்பட்ட அதே அரசின் ஹான்ஸ்லோப் பார்க் கிடங்கில், விடுதலைக்கு முன் கென்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோப்புகள் பெட்டி பெட்டியாகப் பத்திரமாக இருந்தன என்பது, ஆவணப் பாதுகாப்பில் அக்கறையுள்ளோர் மெச்சத்தக்க செய்தியே.

காலவரம்பு வாதமும் எடுபடாமற்போக, 2013 ஜூனில் 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் உட்பட, 1.99 கோடி பவுண்டு இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அன்றைய வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டு, அதற்கு வருத்தமும் தெரிவித்து, சட்டப் பொறுப்பை மட்டும் மறுத்தார். பின்னால் வந்த ஏறத்தாழ 40,000 பேரின் வழக்கு 2018இல் தள்ளுபடியானது. இம்முறை காலவரம்பு எடுபட்டது.