நெய்யற்ற நெறி: கம்பம் பள்ளத்தாக்கில் நனிசைவ நண்பரோடு உண்ணப் புகுவார்க்கு ஓர் ஆராய்ச்சி

நளபாகம் என்றும் பீமபாகம் என்றும் மரபு வகுத்து, எந்தப் பண்டத்தை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதுவரை நுணுகி ஆராய்ந்த நம் முன்னோர், சமைத்ததை எங்கே போய் உண்பது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் மௌனம் சாதித்துவிட்டார்கள். அவர்கள் காலத்தில் வழிப்போக்கனுக்குச் சத்திரம் ஒன்றே கதி. அங்கே போட்டதை உண்டு, திண்ணையில் படுத்து, விடிந்ததும் நடந்தார்கள். ஆகையால் அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகிய ஆறையும் புலாலோடும் முட்டையோடும் சேர்த்து விலக்கிய ஒரு நண்பர், 2023 ஜூன் மாதம் முதல் போடிநாயக்கனூர் வரை வந்துகொண்டிருக்கும் சென்னை ரயிலிலிருந்து காலைப் பலகார வேளையில் தேனியில் இறங்கி, "பசிக்கிறது, எங்கே போகலாம்?" என்று கேட்கும் காலம் வந்துவிட்ட பிறகும் இத்துறை தரிசாகக் கிடப்பது தமிழ்ப் புலமைக்கு அழகன்று. அக்குறையை ஓரளவேனும் போக்குவது இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண் லட்சணம். நல்ல தமிழில் நனிசைவம் என்றும் கடைவீதியில் வீகன் என்றும் வழங்கும் இந்த விரதத்துக்கு, 1944 நவம்பரில் இங்கிலாந்தில், மரவேலை கற்பிக்கும் ஆசிரியராயிருந்த டொனால்ட் வாட்ஸனும் அவருடைய தோழர் சிலரும் சங்கம் கண்டார்கள். அதன் எல்லை ஐயமற்றது: பிராணியிடமிருந்து வந்தது எதுவும் ஆகாது. தேனி, பெரியகுளம், கம்பம் வட்டாரத்து உணவகப் பலகைகளில் காணப்படும் 'உயர்தர சைவம்' என்ற தொடரோ அத்தகைய தெளிவு உடையதன்று. ஒரு லட்சணத்துக்கு அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்று மூன்று தோஷங்கள் நேரக்கூடும் என்பர் தர்க்க சாஸ்திரிகள். நம் நண்பரை முன்னிட்டுப் பார்க்குமிடத்து, இந்தப் பலகைக்கு நேர்ந்திருப்பது அப்பட்டமான அதிவியாப்தி. அது வரைந்த வட்டத்துக்குள் பசுவும் எருமையும் தேனீயும் உரிமையோடு வந்து அமர்ந்திருக்கின்றன. சர்க்காரும் நெடுங்காலம் இதே வட்டத்தைத்தான் பச்சை நிறத்தில் பொட்டலங்களின்மேல் அச்சிட்டு வந்தது. 2022-இல்தான் நனிசைவ உணவுக்கென்று தனி விதிகள் பிறந்தன. இலை துளிர்த்தாற்போன்ற ஒரு பச்சைக் குறியும் வந்தது. குறி நல்ல குறிதான். பொட்டலத்தின்மேல் அச்சிடலாம், தோசையின்மேல் அச்சிடுவதற்கு வழி இல்லை.

'இதில் புதுமை என்ன, நம் பெரியோர் சொல்லாததா?' என்று பூர்வபட்சி இவ்விடத்தில் குறுக்கிடுவான். அவன் உத்தமபாளையம் போய் வரட்டும். அங்குள்ள பாறையில் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டளவில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துச் சாசனங்களும் இருக்கின்றன. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரும் அங்கே காணப்படுகிறது. அம்முனிவரின் மரபு புலாலையும் கள்ளையும் தேனையும் ஒரே வரிசையில் நிறுத்தி விலக்கியது, பொழுது சாய்ந்தபின் உண்பதைக்கூட விலக்கியது, பாலை விலக்கவில்லை. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரோ, காமத்துப்பாலுக்கு வந்து சேர்ந்ததும், காதலியின் வாயூறலுக்குப் பாலும் தேனும் கலந்த கலவையை உவமையாக்கி, நம் நண்பர் தள்ளிவைத்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிவிட்டார். காந்தியடிகள் ஒருவரே இந்த நெறிக்கு மிக அருகில் வந்தவர். 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்த அவர், 1919-இல் நோயுற்று மெலிந்திருந்த சமயத்தில், 'விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசும்பாலும் எருமைப்பாலுந்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை?' என்று கஸ்தூரிபாய் எழுப்பிய நுட்பமான ஆட்சேபத்துக்கு இணங்கி, விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் பொருளைக் கைவிட்டதாகத் தாமே பின்னாளில் எழுதி வருந்தினார். கஸ்தூரிபாயின் இந்தத் தர்க்கம் நம் வட்டாரத்து உணவகங்களில் இன்றும் ஜீவனோடு விளங்குகிறது. "நெய்தானண்ணே வேண்டாம்னீக? இது வெண்ணெய்யி" என்பார்கள்.

பிரதேச வர்ணனையில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 1895-இல் பெரியாற்றை மறித்துக் கட்டிய அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கீழே இறங்கியதிலிருந்து நெல், தென்னை, வாழை என்று வயல் நிறைந்த நாடு இது, இங்கே விளையும் காய்கறி மலையேறிக் கேரளத்துக்குப் போகிறது, கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, ஏலக்காய்க்குப் போடி. தாவரத்தை மட்டுமே உண்பேன் என்று ஒருவன் சபதம் செய்துகொண்டால், அச்சபதத்தை நிறைவேற்ற இதைவிடத் தக்க பூமியை அவன் தேடிப்போக வேண்டியதில்லை என்றே தோன்றும். உணவகத்துக்குள் நுழையும்வரைதான் அப்படித் தோன்றும்.

நுழைந்தபின் தெளிவாகும் சித்தாந்தம் இது: சைவ உணவகத்தின் அந்தஸ்து உயர உயர, நனிசைவர் அங்கே உண்ணத்தக்க பண்டங்களின் தொகை குறைகிறது. இதற்கு 'நெய் விதி' என்று பெயரிடலாம். குளிர்சாதன அறையும் கண்ணாடிக் கதவும் உள்ள உயர்தர சைவத்தில் வெண்பொங்கலும் ரவா கேசரியும் நெய்யிலேயே பிறந்தவை; பொடி இட்டலிக்கு நெய் ஸ்நானம் செய்வித்தே தட்டில் வைக்கிறார்கள்; ரவா தோசை மாவில் மோர் கலந்திருக்கும்; நடுப்பகல் சாப்பாட்டில் பருப்பின்மேல் ஒரு கரண்டி நெய், கேட்காமலே விழும்; மோர்க்குழம்பும் பாயசமும் தயிரும் தத்தம் பெயரிலேயே தம் குலத்தை அறிவித்துக்கொள்கின்றன. தின்னலாம் என்று துணிந்து எடுத்த மிளகாய் வற்றலோ, மோரில் ஊறி வெயிலில் காய்ந்த மோர்மிளகாயாக இருக்கும். சாலையோரத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு, அவித்த இட்டலியும் தேங்காய்ச் சட்டினியும் விற்கும் அம்மாளிடமோ நெய் கிடையாது. இருந்தால் அந்த விலைக்கு அவரால் விற்க இயலாது. அவரிடம் நம் நண்பர் ஒரு கேள்வியும் கேளாமல் வயிறார உண்ணலாம். வள்ளன்மைக்கு அடையாளமாக இந்நாட்டார் கண்ட பொருள் நெய். ஆகவே செல்வம் இருக்கும் இடத்தில் அது இருக்கும். ஏழையின் அடுப்பில் மட்டுமே வாட்ஸனின் சங்கம் சிரமமின்றி நடைபெறும்.

தோசைக்கல் தனி ஆராய்ச்சிக்கு உரியது. மாஸ்டர் கல்லில் தண்ணீரைத் தெளித்து, ஈர்க்குமாற்றால் ஒரு வீசு வீசி, மாவை ஊற்றிக் கிண்ணத்தின் அடியால் வட்டமாக இழுக்கிறார். அவருடைய வலப்புறம் இரண்டு பாத்திரங்கள்: ஒன்றில் எண்ணெய், மற்றொன்றில் நெய். ஆனால் கரண்டி ஒன்றே. அது இரண்டுக்கும் பேதமின்றிச் சென்று வருகிறது. ஒரே கல்லில் வரிசையாக நான்கு தோசை வேகும்போது, மூன்றாவது நெய் ரோஸ்ட்டின் ஓரத்திலிருந்து கிளம்பும் பொன்னிறமான ஒரு சிற்றாறு, கல்லின் சரிவை அனுசரித்து, நான்காவதாகிய நம் நண்பருடைய சாதாத் தோசையின் கீழே மெல்லப் போய் மறைவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லுவதா, சும்மா இருப்பதா என்பது தர்ம சாஸ்திரத்தைச் சேர்ந்த கேள்வி. அது இவ்வியாசத்தின் வரம்புக்கு உட்பட்டதன்று.

இனிப் பிரமாணம். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் கொண்ட மூன்றில், காட்சி பயன்படாது என்பதை மேலே கண்டோம். மாவில் கலந்த மோரைக் கண் காணாது. மணத்தைக் கொண்டு நெய்யை அனுமானிக்கலாமெனில், அடுத்த மேசைப் பொங்கலின் மணமே அறை முழுதும் நிறைந்திருப்பதால் அனுமானம் பொய்த்துப்போகும். எஞ்சியது ஆப்தவாக்கியம், அதாவது பரிமாறுபவரின் உரை. அதைப் பெறும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "இதில் நெய் இருக்கிறதா?" என்று கேட்கலாகாது, அக்கேள்வியை இந்நாட்டில் ஒருவரும் ஐயத்தின் குரலாகக் கொள்வதில்லை, நெய் குறைந்துவிட்டதோ என்ற புகாராகவே கொள்கிறார்கள். "என்னண்ணே இப்புடிக் கேட்டுட்டீக! சுத்தமான நெய்யிண்ணே" என்று மார்தட்டிச் சொல்லி, ஐயம் தீர இன்னும் ஒரு கரண்டி கொண்டுவந்து ஊற்றிப்போனவர் உண்டு. 'வீகன்' என்றாலோ, "பீன்ஸ் பொரியல் இன்னைக்கு இல்லண்ணே, முட்டைக்கோசுதான்" என்ற விடை கிடைக்கும். கொள்கையை விளக்கத் தொடங்கினால், பக்கத்து மேசைக்காரர்களும் இலையில் கையை வைத்தபடியே விவாதத்தில் கலந்துகொள்வார்கள், பண்டம் ஆறிப்போகும்.

கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்களின் கூட்டம் இந்தச் சாலை நெடுகிலும் இருப்பதால், விரதம் என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பு மிகுதி. அதை நம்பி நானும், "இவர் விரதம்" என்று சொல்லிப் பார்த்ததுண்டு. "அப்ப சாமிக்கு ஒரு டம்ளர் பால் சூடாக் கொண்டாரவா?" என்று பக்தியோடு கேட்டார்கள். கடைசியில் பலித்தது வைத்தியம். "பால், தயிரு, நெய் எதுவுமே இவருக்குச் சேராது, டாக்டர் சொல்லிட்டாரு" என்ற ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்படாத சமையற்கட்டு இந்த ஜில்லாவில் இல்லை. மாஸ்டரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நண்பரை அனுதாபத்தோடு பார்ப்பார், கல்லைக் கழுவுவார், புதுக் கரண்டி எடுப்பார். அகிம்சைக்கு இணங்காத உலகம் அஜீரணத்துக்கு இணங்குகிறது. சத்தியமே விரதமாகக் கொண்ட நண்பருக்கு இந்த உபாயம் சற்றுக் கசக்கும். ஆகையால் அந்த வாக்கியத்தை உடன் செல்பவரே சொல்லிவிடுவது உத்தமம்.

இரவு புரோட்டாக் கடை. வெளியே தகரப் பந்தலும் மஞ்சள் விளக்கும், கல்லின்மேல் கொத்துச் சத்தமுமாக விளங்கும் இந்த அசைவ ஸ்தலத்தைக் கண்டதும் நனிசைவர் ஒதுங்கிப்போவது வழக்கம், அவசரப்பட வேண்டியதில்லை. மாவு பிசையும்போது முட்டையும் பாலும் சேர்த்தார்களா என்பது ஒன்றே கேட்கத்தக்க கேள்வி; சேர்க்காத கடைகள் உண்டு, இக்கேள்விக்கு அங்கே ஒளிவு மறைவில்லாத பதிலும் கிடைக்கும். கடலையெண்ணெயோ டால்டாவோ விட்டு அடித்து வீசிய புரோட்டாவுக்குத் தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட காய்கறிச் சால்னா வாய்த்துவிட்டால் குறை ஒன்றும் இல்லை. 1937-இல் கடைத்தெருவுக்கு வந்த நாள்முதல், நெய்யல்லாத நெய், கலப்படக்காரனின் கைக்கருவி என்றெல்லாம் தூற்றப்பட்டு வந்த டால்டா, நம் நண்பரின் இலையில் அகிம்சா திரவியமாகச் சாபவிமோசனம் பெறுவதைப் பழைய நெய் வியாபாரிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் பலனாக நான் கண்ட சிறந்த இடங்களுக்குக் கூரை கிடையாது. மாலைப்பொழுதில் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் வரும் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், சுண்டலும், நல்லெண்ணெயும் கருப்பட்டியும் மணக்கும் உளுந்தங்களியும் ஒருபுறம் இருக்க, மதுரைச் சீமைக்கே உரிய பருத்திப்பாலைச் சற்று நின்று பேசவேண்டும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, துணியில் வடித்துப் பிழிந்த பாலோடு அரிசி மாவு கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் கூட்டி, மேலே தேங்காய்த் துருவல் தூவி, ஆவி பறக்கத் தருகிறார்கள். மேனாட்டில் வாதுமையையும் ஓட்ஸையும் பிழிந்து அட்டைப்பெட்டியில் அடைத்து, நனிசைவர்க்கென்று பெருவிலைக்கு விற்கும் பாலுக்குப் பாட்டி முறையானது இது. நண்பர் முதல் டம்ளரைச் சந்தேகத்தோடு மோந்து பார்த்தார். இரண்டாவதற்குச் சந்தேகம் இல்லை. மூன்றாவதை நான் தடுத்தேன், வயிறு மந்தமாகும் என்பதால்.

குமுளியில் ஏறிவிட்டால் கட்டஞ்சாயாவும் புட்டும் கடலைக்கறியும் உண்டு. தேங்காயெண்ணெய் நாடு, அங்கே பிரச்சினை குறைவு, ஆராய்ச்சிக்கும் இடம் குறைவு.

பொருளாதாரம் ஒன்று எஞ்சியிருக்கிறது. பால் இல்லாத காப்பிக்கும் பால் காப்பியின் விலையே. தயிரும் பாயசமும் தீண்டாத சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டின் விலையே. இதன் நியாயம் யாது என்பதைப் போடியில் ஒரு கல்லாவில் விசாரித்தேன். நெய் ரோஸ்ட்டை நெய் இல்லாமல் கேட்டு வாங்கிய நண்பருக்கு நெய் ரோஸ்ட் என்றே பில் போட்டிருந்தார்கள். "நெய்யே ஊத்தலையேண்ணே?" என்றேன். கல்லாவில் இருந்தவர் சில்லறையை எண்ணியபடியே, நிமிர்ந்து பாராமல், "ஊத்தாம இருக்கிறதுக்குன்னே தனியாக் கல்லைக் கழுவுனோம்ல, அந்தக் கூலி யாருண்ணே குடுப்பாக?" என்றார்.