செந்நீரா, செத்த சாயமா? குற்றால ஸ்லைடுகளின் நிறப்பிறழ்வு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பரணில் கிடந்த ஸ்லைடு பெட்டியை இறக்கி ஸ்கேனரில் வைத்துப் பார்க்கும் எந்தத் தென்காசிக் குடும்பமும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: பேரருவி ஏன் சிவப்பாக விழுகிறது? வேறு ஊர்ப் படம் சிவந்திருந்தால் சாயம் போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். குற்றாலத்தில் அந்த வசதி இல்லை. மலையில் கனமழை கொட்டினால் பேரருவியே செம்மண் கலந்து சிவந்துதான் விழும். ஆகவே குற்றவாளி மழையா, ஃபிலிம் கம்பெனியா என்பது நிறுவப்பட வேண்டிய ஒன்றாகிறது. குற்றாலத்தைப் பற்றி எழுதியோர் குறவஞ்சியையும் குரங்குகளையும் சாரலையும் பேசித் தீர்த்தார்களே ஒழிய, இப்பொருளைத் தொடவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

சாயத்தின் இயல்பு

கலர் ஸ்லைடில் சியான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் ஜெலட்டின் படலத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும். பழைய எக்டாக்ரோம் போன்ற ஃபிலிம்களில், இருட்டுப் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்தாலும் சியான் முதலில் விடைபெற்றுவிடும். சிவப்பு ஒளியைத் தடுப்பதுதான் சியானின் உத்தியோகம். காவல்காரன் போனபின் சிவப்பைக் கேட்க ஆளில்லை. நீல வானம் ரோஸாகும்; கறுப்புக் குடை அரக்காகும்; திரிகூடமலை காய்ந்த புல்லின் நிறத்துக்கு வரும்.

1935-இல் விற்பனைக்கு வந்த கோடாக்ரோம் இதற்கு விதிவிலக்கு. மற்ற ஸ்லைடு ஃபிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் ரசாயனம் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். வேலை முடிந்தபின் மிச்சமும் அங்கேயே தங்கும். கோடாக்ரோமில் அதை ஃபிலிம் கழுவும்போதுதான் சேர்த்தார்கள். அதனால் இருட்டில் பல்லாண்டு நிறம் மாறாது. ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அதுவே சீக்கிரம் வெளுக்கும். இதிலிருந்து பெறப்படும் விதி: விருந்தாளி வந்தபோதெல்லாம் சுவரில் படம் காட்டிய வீட்டில் கோடாக்ரோம் வெளுத்திருக்கும்; எவருக்கும் காட்டாத கஞ்சர் வீட்டில் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். கஞ்சத்தனத்துக்கு வேதியியல் நற்சான்று வழங்கும் அரிய இடம் இது.

சோதனைகள்

முதலாவது, தலைச் சோதனை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார். ஆகவே சிவந்த அருவியின் கீழே எண்ணெய் தேய்த்த தலைகள் வரிசையாகத் தெரிந்தால், அது வெள்ளமன்று, சாயமே.

இரண்டாவது, வேட்டிச் சோதனை. எவ்வளவு பெரிய வெள்ளமும் கரையில் நிற்பவரின் வேட்டியைச் சிவக்கவைக்காது. வேட்டியும் அருவியும் ஒரே நிறத்தில் இருந்தால் மழை நிரபராதி. ஸ்கேனர் மென்பொருளில் ‘இதுதான் வெள்ளை’ என்று சொடுக்கிக் காட்டவும் வேட்டியே வசதி. ஆனால் சீசன் முழுக்க அருவித் தண்ணீரில் அலசிய வேட்டி பழுப்பேறி நடுநிலை இழந்திருக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மூன்றாவது, கோபுரச் சோதனை. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் பழைய இராஜகோபுரம் 1924-இல் அழிந்தது. இன்றுள்ள ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990-இல்தான் கும்பாபிஷேகம். அப்போது கோடாக்ரோமுக்கு வயது 55. எனவே கோபுரமில்லாத தென்காசி கலரில் கிடைத்தால் அது 1990-க்கு முந்தியது. முழுக் கோபுரத்தோடு சிவந்திருந்தால் சாயத்தின் ஆயுள் சந்தேகத்துக்குரியது. கோபுரம் ஊரின் தப்பான பக்கத்தில் நின்றால் ஸ்லைடைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

திருத்தும் முறை

4000 டிபிஐயில் ஒரு 35 மி.மீ. ஸ்லைடிலிருந்து இரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். சியான் போன படத்தில் சிவப்பு எண்கள் வெளிச்சப் பக்கமாக ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அவற்றை இழுத்துப் பரப்புவதுதான் நிறத் திருத்தம். 8 பிட்டில் இருப்பவை 256 படிகளே. ரொம்ப இழுத்தால் வானம் வரிவரியாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள், தாங்கும்.

குற்றாலத் தண்ணீர் தீராத நோயெல்லாம் தீர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதை நம்பிப் பூஞ்சை பிடித்த ஸ்லைடைக் கழுவிவிடக் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். படமும் கூடவே போய்விடும்.

சாட்சியம்

இழுத்துப் பரப்பியபின் எங்கே நிறுத்துவது என்பதை இயந்திரம் சொல்லாது. மனிதரைத்தான் கேட்க வேண்டும். இவ்வாய்வாளர் வீட்டில், ஐந்தருவிப் படத்தில் ரோஸாகத் தெரிந்த ஒரு சேலையின் பொருட்டு அம்மாவுக்கும் அத்தைக்கும் இடையே நடந்த விசாரணை வருமாறு:

“இது எம்.எஸ். ப்ளூலா மதினி. ஒங்க தம்பி எடுத்துக் குடுத்தது.”

“ஒனக்கு மறந்து போச்சுட்டி. அது ராமர் பச்சை. கடையில நாந்தான் கூட இருந்தேன்.”

வேதியியல் இதற்குத் தீர்ப்புச் சொல்ல வல்லது. சியானும் மெஜந்தாவும் சேர்ந்தது நீலம். சியான் போனால் ரோஸ் மிஞ்சும். சியானும் மஞ்சளும் சேர்ந்தது பச்சை. சியான் போனால் மஞ்சள்தான் மிஞ்சும். சேலை ரோஸாக இருப்பதால் அது நீலமே என அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. “கெமிஸ்ட்ரிக்குச் சேலையைப் பத்தி என்னடே தெரியும்?” என்று அத்தை அன்றே மேல்முறையீடு செய்துவிட்டாள். வழக்கு நிலுவையில் உள்ளது.

முடிவும் பரிந்துரையும்

நடராசரின் ஐம்பெரும் சபைகளில் குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. இங்கே கூத்தன் ஆடுவதே சுவரோவியத்தில். நிறம் மங்குவதை இந்த ஊர் புதிதாகப் பார்க்கவில்லை. மங்கிய ஓவியத்தின் மேல் புதுப் பூச்சு ஏறினால் அடியில் இருந்தது தொலைந்துபோகும். ஸ்லைடுக்கும் விதி அதுவே. ஸ்கேன் செய்த கோப்பைச் சிவப்போடு அப்படியே ஒரு பிரதி வையுங்கள். திருத்தமெல்லாம் இன்னொன்றில் நடக்கட்டும். ஸ்லைடு அட்டைச் சட்டத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். மென்பொருள் சியானை ஓரளவு மீட்டுத் தரும். படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று அது சொல்லாது. அதை அத்தைமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். சேலை நிறத்தை மட்டும் கேட்க வேண்டாம்.