அம்மா மயிலுக்கு அட்டவணை ஒன்று

புனேயிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ‘மோராச்சி சிஞ்சோலி’ என்று ஓர் ஊர். மராத்தியில் மோர் என்றால் மயில், சிஞ்ச் என்றால் புளி. நம் ஊரில் இரண்டும் குழம்பாகிவிடும். அங்கே சுற்றுலா ஆகியிருக்கிறது.

வார இறுதியில் கார்கள் வரிசைகட்டுவது தோகையைப் பார்க்கத்தான். தோகைக்காரர் ஆடி முடித்ததும் கிளம்பிவிடுவார். நான்கைந்து முட்டைகளின்மேல் ஏறக்குறைய 28 நாள் அடைகாப்பதும், குஞ்சுகளை மேய்ப்பதும் அந்தப் பழுப்பு நிற அம்மாதான். அவளோடு யாரும் செல்ஃபி எடுப்பதில்லை.

‘பாவம், வீட்டில் வைத்து வளர்க்கலாமே’ என்று மனம் இளகுகிறவர்கள் கவனிக்க: 1963இல் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது புலி உட்கார்ந்திருக்கும் அதே பந்தி. வளர்த்தால் சிறை. சரி, அவளே வந்து உங்கள் தோட்டத்தில் முட்டையிட்டால்? கூட்டைக் கலைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். வாடகை தராத, காலி செய்யச் சொல்ல முடியாத குடித்தனக்காரி.

மயிலுக்குக் குளிருமென்று போர்வை தந்த வள்ளல் பேகன் நல்லவேளை சங்க காலத்தில் பிறந்தார். இன்று போர்வையோடு மயிலை நெருங்கினால், பிடிக்க வந்ததாகத்தான் வனத்துறை எழுதிக்கொள்ளும்.